கறுப்புக் காரில் சுழல் கீறல்கள்: கழுவும் வாளியிலிருந்து கடைசி மெருகு வரை

கறுப்புக் காரைக் கழுவி நிழலில் நிறுத்தினால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதே காரை உச்சி வெயிலுக்குக் கொண்டுவந்தால்தான் சங்கதி தெரியும். பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் வட்டவட்டமாக மின்னும். துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததால் வந்த வினை என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. துணியால் வந்தது உண்மை. வட்டம் வந்ததற்குக் காரணம் வேறு.

அந்தக் கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும்தான் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அப்படிக் குறுக்கே கிடப்பவையெல்லாம் சேர்ந்து, விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையங்களாகத் தெரிகின்றன. தலையை ஓரடி நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். நேர்கோடாகத் துடைத்தாலும் துணியில் மண் இருந்தால் இந்த வலை விழத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்பு என்பதால் கீறல் அதிகம் விழுவதில்லை. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கலாம். வெள்ளை தானே ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால், கீறல் சிதறடிக்கும் ஒளி அதில் கரைந்துபோகிறது. கறுப்போ விழுந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால் கீறலின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் துளி ஒளியும் இருட்டில் மின்மினிபோல் தனித்துத் தெரிகிறது.

எதைத் தேய்க்கப் போகிறோம்?

இன்றைய கார்களில் தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். நாம் எழுதும் காகிதத்தின் தடிமனே ஏறக்குறைய 100 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். சுழல் கீறல்கள் இதன் மேல்தோலில், ஓரிரு மைக்ரான் ஆழத்தில் இருக்கின்றன.

பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பை எல்லாம் செதுக்கி இறக்குகிறோம். பள்ளத்தை மூடவில்லை, மேட்டைக் குறைக்கிறோம். மென்மையான பாலிஷ் ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். காம்பவுண்டு எனப்படும், கரடான துகள்கள் கொண்ட கடுமையான பாலிஷ் சில மைக்ரான்களை எடுத்துவிடும். எடுத்தது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தக் கிளியர் கோட்தான். ஆகவே, எவ்வளவு பளபளப்பு வந்தது என்பதைவிட எவ்வளவு குறைவாக எடுத்து அந்தப் பளபளப்பை வரவழைத்தோம் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பத்தில் ஒன்பது கீறல் போனால் போதும். மிச்சமுள்ள ஒன்றுக்காகக் கிளியர் கோட்டைக் கரைப்பவர்களுக்கு அந்தச் சேதம் உடனே தெரியப்போவதில்லை. சில ஆண்டுகள் கழித்து வெளுத்துத் தோலுரியும்போதுதான் பார்ப்பார்கள்.

முதலில் கண், பிறகு நகம்

குழல் விளக்கின் கீழே கீறலைத் தேடாதீர்கள். பரந்த ஒளி எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒற்றைப் புள்ளியாக ஒளி வீசும் எல்இடி டார்ச் வேண்டும், அல்லது நேர் வெயில். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பானெட், கூரை, கதவு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தனித்துத் தெரியும் கீறலின் குறுக்கே விரல் நகத்தை அழுத்தாமல் இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் பாலிஷில் போகும், அல்லது பெருமளவு மங்கும். நகம் சிக்கினால் அது ஆழமான கீறல். சுற்றிலும் அவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது ஆபத்து. விளிம்புகளை மழுக்கி மங்கலாக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே வெள்ளையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் அது பிரைமர். பாலிஷுக்கு அங்கே வேலையில்லை, டச்-அப் பெயின்ட்தான் வழி.

கார் பழையது, எத்தனை முறை ரப்பிங் (தேய்த்து மெருகேற்றுதல்) செய்திருக்கிறார்கள் என்றே தெரியாது என்றால், பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டரைக் கடன் வாங்கியாவது வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் 200, 300 என்று காட்டினால் அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 80-க்குக் கீழே காட்டும் இடத்தில் நான் பாலிஷ் மெஷினை வைப்பதில்லை. மீட்டர் உலோகத்தின் மேல்தான் அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் பயன்படாது. மேட் கறுப்பு, அதாவது பளபளப்பில்லாத கறுப்பு என்றால் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிடலாம். அதில் பாலிஷ் பட்டால் அந்த இடம் மட்டும் மினுங்கும், மீட்க வழியில்லை.

கழுவுதல்

கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போது விழுபவை. காப்பாற்ற வேண்டிய துணியே கீறிவிடுவது வேலியே பயிரை மேய்ந்த கதை. அதனால் கழுவும் முறையை மாற்றாமல் பாலிஷ் போடுபவர் அடுத்த மாதமே மறுபடி வலையைப் பார்ப்பார்.

நிழலில், பானெட் ஆறிய பிறகு தொடங்குங்கள். கையே படாமல் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். நுரை தெளிக்கும் கருவி இருந்தால் நுரையால் மூடிச் சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். நுரை காயக்கூடாது. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். இரண்டின் அடியிலும் மண் மேலே கிளம்பாமல் தடுக்கும் தட்டு. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி, ஒரு கதவு அளவுக்குத் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் மறுபடி ஷாம்பூ. கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள்; சக்கரத்துக்கு மேலுள்ள பகுதியும் கதவின் அடிப்பாகமும் கடைசியில். சக்கரத்துக்கு வேறு வாளி, வேறு துணி. பாத்திரம் கழுவும் சோப்பு காரில் பூசிய மெழுகைக் கழற்றும் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் வாராவாரம் அதையே ஊற்றுவது வேண்டாத வேலை.

வேலை முடிந்ததும் கடைசி வாளித் தண்ணீரைக் கொட்டும் முன் அடியில் பாருங்கள். படிந்திருக்கும் மணல் முழுவதும், ஒற்றை வாளியில் கழுவியிருந்தால், பானெட்டின் மேல்தான் ஓடியிருக்கும்.

ஒட்டியிருக்கும் துகள்கள்

மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டைத் தடவுங்கள். வெறுங்கையில் வழவழப்பாகத் தெரிந்தது இப்போது ரவை தூவியதுபோல் சொரசொரப்பாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்துவந்து புதைந்த இரும்புத் துகளும், தாரும், மரப்பிசினும் கலந்த படிவு அது. இதை எடுக்காமல் மெஷினைச் சுழற்றினால் அவையே மெஷினின் முனையில் மாட்டும் ஃபோம் பேடில் ஏறிக் கீறும்.

இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவரைத் தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். மிச்சத்துக்குக் கிளே பார், அதாவது படிவை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி. உள்ளங்கை அளவு துண்டைத் தட்டையாக்கி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோடாக ஓட்டுங்கள். சொரசொர சத்தம் நின்று கை வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. கிளேயை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். தரையில் விழுந்துவிட்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். கறுப்பில் கிளேயே மெல்லிய தேய்மானத்தை விட்டுச்செல்லும். அதனால் பாலிஷ் போடும் எண்ணமில்லாத நாளில் கிளே பக்கம் போக வேண்டாம்.

நன்றாகக் காய்ந்ததும் ரப்பர் பட்டை, கறுப்புப் பிளாஸ்டிக், விளக்கின் விளிம்பு, சின்னங்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வரும் வெள்ளைக் கறையைப் பிறகு பல்துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்து தேய்க்க வேண்டியிருக்கும். கார் உடலின் கூர்மையான மடிப்புகளின் மீதும் ஒரு கோடு டேப் ஒட்டுங்கள். பெயின்ட் மெல்லியதாக இருப்பதும், பேடின் அழுத்தம் முழுவதும் இறங்குவதும் அந்த மடிப்புகளில்தான்.

மெஷின்

ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், சூடும் வேகமாக ஏறும். நான் முதன்முதலில் எடுத்தது அதைத்தான். இரவில் குழல் விளக்கின் கீழே பானெட்டை முடித்துவிட்டுப் பெருமையாகப் படுக்கப் போனேன். காலை வெயிலில் பழைய கீறல்கள் ஒன்றும் இல்லை. அவற்றின் இடத்தில் மெஷின் போன பாதை முழுவதும், எண்ணெய் சிந்திய தண்ணீர்போல் நெளிநெளியாகப் பட்டைகள். ஹோலோகிராம் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். கறுப்பில் இதைவிட அசிங்கமாக வேறொன்றும் தெரியாது.

புதியவருக்கு டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷின்தான் ஏற்றது. அது சுழன்றுகொண்டே சிறு வட்டத்தில் அலையவும் செய்வதால் ஒரே திசையில் கோடு விழாது, சூடும் மெதுவாக ஏறும். அலைவு 15 மில்லிமீட்டர் உள்ள மெஷின் பெரும்பாலான வேலைக்குப் போதும். 21 மில்லிமீட்டர் என்றால், அகலமான பானெட்டுக்கு வசதி, வளைந்த பம்பரில் தொல்லை.

பேடுகள் மூன்று வகை இருந்தால் போதும்: வெட்டும் கெட்டியான ஃபோம், நடுத்தர ஃபோம், மெருகுக்கான மிருதுவான ஃபோம். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு இன்னொன்றின் ஆரஞ்சு ஆகாது. ஒவ்வொரு வகையிலும் இரண்டாவது வேண்டும். ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்க நினைத்தால் பாதியில் அது சூடேறி, ஊறிப்போய், வெட்டுவதை நிறுத்திவிடும்.

சோதனைக் கட்டம்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எந்தப் பெயின்ட் எவ்வளவு கெட்டி என்று யாரும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரே நிறத்தில் இரண்டு நிறுவனக் கார்கள். ஒன்று வெண்ணெய்போல் வழியும், இன்னொன்று கல்லாக நிற்கும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது.

பானெட்டில் 45 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். மென்மையானதிலிருந்து தொடங்குங்கள்: மெருகு பேடும் மெல்லிய பாலிஷும். நான்கு முறை ஓட்டித் துடைத்து டார்ச் அடியுங்கள். கீறல் போய்விட்டதா? அப்படியானால் முழுக் காருக்கும் அது போதும். போகவில்லையா, பாலிஷ் அதேதான், பேடை மட்டும் நடுத்தரத்துக்கு மாற்றுங்கள். அதிலும் போகாவிட்டால்தான் காம்பவுண்டு. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். பேடையும் பாலிஷையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், விடை கிடைத்தாலும் கணக்குப் புரியாது.

இந்தச் சதுரத்துக்காக ஒரு மணி நேரம் செலவானாலும் செலவாகட்டும். பிறகு வரும் எல்லாச் சதுரமும் இதன் நகல்தான்.

மெஷினை ஓட்டுதல்

புதிய பேடின் முகம் முழுவதும் பாலிஷை மெல்லப் பூசிக்கொள்ளுங்கள். காய்ந்த ஃபோம் பட்டால் கீறும். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் நான்கு சொட்டுப் போதும். அதிகம் ஊற்றினால் அதிகம் வெட்டும் என்று நினைப்பது தவறு. பேட் வழுக்கும், பாலிஷ் தெறிக்கும், அவ்வளவுதான்.

பேடைப் பரப்பின் மேல் வைத்துவிட்டு மெஷினை இயக்குங்கள். சுழலும் மெஷினைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். வேக எண் 1-இல் சதுரம் முழுவதும் பரப்புங்கள். பிறகு 4 அல்லது 5. இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி. அது முடிந்ததும் மேலிருந்து கீழாக. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. கையின் வேகம் நொடிக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர். சொல்லும்போது எளிது, செய்யும்போது கை தானாக ஓடும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

மெஷினில் பேட் ஒட்டும் தட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதிகமாக அழுத்தினால், அல்லது வளைவில் பேட் சாய்ந்தால், மெஷின் அதிர்ந்துகொண்டிருக்கும், ஆனால் கோடு நின்றுவிடும். கோடு நின்றால் வெட்டும் நின்றது. எவ்வளவு அழுத்தம் என்று புரியாவிட்டால், அணைத்த மெஷினை எடை பார்க்கும் கருவியின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். காம்பவுண்டுக்குச் சுமார் ஐந்து கிலோ. மெருகுக்கு மெஷினின் சொந்த எடையே போதும்.

சதுரம் முடிந்ததும் உள்ளங்கையை வையுங்கள். இதமான சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டை வெளியே விடாது. அங்கே கூடுதல் கவனம். பேடையும் ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அதில் சேர்ந்த பழைய பாலிஷையும் உரிந்த கிளியர் கோட்டையும் உதறுங்கள். பேடில் கறுப்பு நிறமே ஏறினால் நில்லுங்கள். ஒன்று, கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்டாக இருக்கும், இல்லையென்றால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

கதவுக் கைப்பிடியின் பின்னால் உள்ள குழியில் மெஷின் நுழையாது. நகமும் மோதிரமும் பட்டுப்பட்டு அங்கே பிறைபிறையாகக் கீறல் இருக்கும். சிறிய ஃபோம் துண்டில் பாலிஷ் தொட்டு, இரண்டு விரலால் முன்னும் பின்னும் தேய்த்தால் பாதி மங்கும். கையால் முழுக் காரையும் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். மெஷினின் சீரான அசைவு கைக்கு வராது. கறுப்பில் விரல் தடமே கோடாக நிற்கும்.

ஏமாற்றும் பளபளப்பு

துடைத்ததும் கண்ணாடிபோல் தெரிவதை நம்பாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் மீதமுள்ள கீறல்களில் ஊறி அவற்றை மறைத்திருக்கும். இரண்டு மூன்று கழுவலில் எண்ணெய் போய்விட, கீறல் திரும்பி வரும். திரும்பி வந்ததல்ல, போகவே இல்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 சதவீத அளவுக்குக் கலந்து தெளித்து, புதிய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு டார்ச் அடியுங்கள். அப்போது தெரிவதுதான் நிஜம்.

காம்பவுண்டு போட்ட இடத்தில் பெரும்பாலும் கீறல் இருக்காது, ஆனால் மெல்லிய புகை படிந்ததுபோல் ஒரு மங்கல் இருக்கும். பேடும் துகளும் விட்டுச்சென்ற நுண்ணிய தேய்மானம் அது. வெள்ளி நிறக் காரில் யாருக்கும் தெரியாது. கறுப்பில் முழு இருட்டு வராமல் சாம்பல் சாயல் அடிக்கும். இதற்காகத்தான் இரண்டாவது சுற்று: மிருதுவான பேட், மெருகு பாலிஷ், வேகம் 3 அல்லது 4, அழுத்தமே இல்லாமல். இந்தச் சுற்றில்தான் கறுப்பு கறுப்பாகிறது. மிகவும் மென்மையான பெயின்டில் துடைக்கும் துணியே கோடு போடும். அங்கே துணியை நாலாக மடித்து, பாலிஷ் இன்னும் ஈரமாக இருக்கும்போதே அழுத்தாமல் எடுங்கள். துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முன்பே வெட்டிவிடுங்கள். முடித்த கதவில் லேபிளால் கோடு போட்டு, அந்தச் சதுரத்தை மறுபடி செய்திருக்கிறேன்.

ஒருவர் தனியாகச் செய்தால் முழுக் காருக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு

மறுபடி ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மெழுகோ, சீலன்ட் என்ற செயற்கைப் பாதுகாப்புப் பூச்சோ, இறுகிக் கெட்டியாகும் செராமிக் கோட்டிங்கோ போடலாம். பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னுபா மெழுகு கறுப்பில் அழகு, ஆனால் வாரக்கணக்குதான் தாங்கும். சீலன்ட் மாதக்கணக்கில் தாங்கும். செராமிக் இன்னும் நீடிக்கும். தண்ணீரும் அழுக்கும் எளிதாக வழிந்தோடும். ஆனால் அது கீறலே விழாமல் காக்கும் கவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணல் ஒட்டிய துணி அதையும் கீறும். போடும் முன் கீறலை நீக்காவிட்டால், அந்தக் கீறலையே பூட்டி வைத்ததாகிவிடும். புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதி என்றால், அது முழுதாக இறுகும் வரை எதையும் பூசாமல், அடித்தவர் சொல்லும் நாள் வரை காத்திருங்கள்.

சுழலும் பிரஷ் வைத்துக் கழுவும் இயந்திரத்துக்குள் இனிக் கறுப்புக் காரை விடாதீர்கள். முன்னே போன வண்டிகளின் மண் அந்தப் பிரஷ்ஷில் இருக்கிறது. காலையில் தூசி படிந்திருந்தால் காய்ந்த துணியால் தட்டக் கூடாது. கழுவ நேரம் இல்லையென்றால் தூசியோடே ஓட்டுங்கள். ஈரத்தை எடுக்க அடர்த்தியான பெரிய துவாலையை விரித்துப் போட்டு, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் போதும், தேய்க்க வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துணிகளைப் பருத்தித் துணியோடு துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைகள் உறிஞ்சும் தன்மையை இழக்கும். திரவ சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நிழலில் உலர்த்தல். தரையில் விழுந்த துணி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அன்று முதல் அது சக்கரத் துணி. அதன் மூலையில் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள், துவைத்து மடித்த பிறகு எது எதுவென்று தெரியாது.